ஒரு மணியோசைக்கு ஆகும் செலவு

ஹஃபீசா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை, கேளம்பாக்கம் பக்கம் கம்பெனி, நல்ல சம்பளம் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். புருஷன் கிபாயத்துல்லாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது அவள் அதை அவனுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

கம்ப்யூட்டரின் மூளை ஏதோ ஒரு வேலையில் மும்முரமாக இருக்கும். அப்போது வெளியிலிருந்து ஏதாவது ஒன்று, ஒரு விசைப்பலகையோ நெட்வொர்க் அட்டையோ, "இங்கே வா" என்று தட்டும். அந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். தட்டினால் போயே ஆக வேண்டும். கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, எங்கே விட்டோம் என்று குறித்துக்கொண்டு, போய்க் கவனித்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டையெல்லாம் அடித்தளத்தில் இருந்து நடத்துகிற நிரலுக்கு கெர்னல் என்று பெயர். கவனிப்பதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். போவதற்கும் வருவதற்கும் ஆகும் நேரம் இருக்கிறதே, அதுதான் வீண். அந்த வீண்நேரத்தை அளப்பதும் குறைப்பதும்தான் ஹஃபீசாவின் வேலை.

கிபாயத் ஏசி மெக்கானிக். கேட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே சத்தமாகச் சிரித்தான். "மாடில ஏறி கேஸ் ஏத்திகினு இருக்கேன், கீழருந்து கஸ்டமர் கூப்புட்றான். அவன் கேக்குறது ஒரு நிமிஷம். நான் எறங்கி ஏர்றது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்த அளக்குறதுக்கா உனக்கு சம்பளம் தர்றானுங்க?"

அதற்கேதான் என்றாள் அவள். அன்றிலிருந்து அவனுக்கு அவள்மேல் ஒரு தனி மரியாதை. ஊரில் எல்லாரும் குத்துமதிப்பாகப் பேசுகிறார்கள், என் பெண்டாட்டி மட்டும் அளந்துவிட்டுப் பேசுகிறாள் என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அவள் ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அவன் வாயை மூடிக்கொள்வான். அந்த மரியாதை அவனை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொத்தேரியில் கல்லூரிப் பையன்கள் தங்கியிருந்த ஒரு ஃபிளாட்டில், மூன்றாவது மாடி சன்ஷேடில் நின்று வெளி யூனிட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சன்ஷேடு பெயர்ந்து அவனோடு கீழே வந்தது. கழுத்தில் அடி. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அந்த வருஷத்து ரமலான் முழுவதும் அங்கேயே போயிற்று. வீடு திரும்பியபோது மார்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் பேருக்கு இருந்தன. வலது கட்டைவிரல் மட்டும் சொன்னபடி கேட்டது. வாய் மட்டும் பழைய வாய்தான். பார்க்க வருகிறவர்களை அவனே சிரிக்கவைத்து அனுப்பிவிடுவான்.

கிழக்கு தாம்பரத்தில், விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே சுற்றுகிற ஒரு தெருவில், தரைத்தள வீடு. முன்னறையில் அவன் கட்டில். உள்ளறையில் அவள் மேசை, அதன்மேல் கம்பெனி கொடுத்த லேப்டாப்பும் சோதனைக்கான சர்க்யூட் போர்டுகளும். காலையில் சரசு என்ற பெண் வந்து அவனைத் துடைத்து, உடுப்பு மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவனுக்கு ஹஃபீசா மட்டும்தான். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய வயரில்லாத காலிங்பெல்லின் பட்டனை அவன் கட்டைவிரலுக்கு அடியில் துணிப்பட்டை வைத்துக் கட்டியிருந்தாள். அவன் அழுத்தினால் அவள் மேசைக்குப் பக்கத்தில் மணி அடிக்கும்.

எதற்கெல்லாம் அடிப்பான்? ஈ மூக்கில் உட்கார்ந்தால் அடிக்க வேண்டும். மின்விசிறியைக் கூட்டவும் குறைக்கவும் அடிக்க வேண்டும். புரட்டிப் போட அடிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் சிறுநீர். அது தானாக வராது, நேரத்துக்கு நேரம் மெல்லிய குழாய் போட்டு எடுக்க வேண்டும், ஹஃபீசா நர்சிடம் பழகிக்கொண்டு வந்திருந்தாள். சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டதா என்று அவனுக்குத் தெரியாது. தலை கனக்கும், நெற்றியில் வியர்க்கும், அதை வைத்து ஊகித்து மணியடிப்பான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குறைத்தால் கிருமி தங்கிவிடும் என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதனால் தலைமாட்டில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு குழாயை அவன் வாயருகே கொண்டுவந்து வைத்திருந்தாள் ஹஃபீசா. தண்ணீருக்கு அவன் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. குடித்த தண்ணீரை வெளியே எடுக்கத்தான் கூப்பிட வேண்டும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனியில் எல்லாரும் அலுவலகத்துக்கு வந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. ஹஃபீசாவின் மேலாளர் அரிகிருஷ்ணன். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது ஆறலாம். அவர் போனில் ரொம்ப அனுசரணையாகப் பேசினார். உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கித்தர நான் மேலே பேசுகிறேன், ஆனால் பேசுவதற்கு என் கையில் ஏதாவது வேண்டும், உங்கள் வேலை மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறதே, மே மாதக் கடைசிக்குள் அந்த இன்டரப்ட் அளவை முடித்துக் கொடுத்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்றார். முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. தினமும் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் வர வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து இரவுவரை கட்டிலில் கிடப்பவன் யாருக்கு மணியடிப்பான்? முழு நாளுக்கு ஆள் போடலாம் என்றால், குழாய் போடத் தெரிந்த ஆளின் சம்பளத்துக்கு இவள் சம்பளமே சரியாகிவிடும்.

ஹஃபீசா பயந்துபோனாள். பயந்தால் சிலர் அழுவார்கள், சிலர் தொழுவார்கள். அவள் தொழுதுவிட்டு அளக்க உட்கார்ந்தாள்.

வேலையில் அவள் அளக்கும் முறை எளிமையானது. சும்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகிற ஒரு நிரலை ஓடவிடுவாள். யாரும் தட்டாவிட்டால் அது குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு தூரம் எண்ணும் என்று பார்ப்பாள். பிறகு வெளியிலிருந்து தட்டல்களை மழையாகப் பொழியவிட்டு, அதே நேரத்தில் எவ்வளவு எண்ணுகிறது என்று பார்ப்பாள். குறைகிறதே, அந்தக் குறைவுதான் தட்டல்களுக்குக் கொடுத்த விலை. தனக்கும் அப்படியே செய்தால் என்ன என்று தோன்றியது. மேசையில் சும்மா கிடந்த ஒரு போர்டில் காலிங்பெல்லின் மணிப்பெட்டியை இணைத்தாள். அவன் அழுத்துகிற ஒவ்வொரு முறையும் பதிவாகியது. அவள் மேசையை விட்டு எழுந்ததும், திரும்பி வந்ததும், திரும்பி வந்து உண்மையாகவே வேலை செய்யத் தொடங்கியதும் விசைப்பலகையிலிருந்து பதிவாகின. ஒரு வாரம் ஓடவிட்டாள்.

அவள் எதிர்பார்த்ததைவிட மோசம். அவனருகே அவள் செலவிட்ட நேரம் மொத்தமும் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு மணிக்குப் பிறகும், விட்ட இடத்தைப் பிடிக்க அவளுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அடுத்த மணி. ஒரு நாளில் பாதிக்கு மேல் அப்படியே கரைந்திருந்தது. வேலை செய்த நேரத்தை நீலத்திலும் கரைந்த நேரத்தைச் சிவப்பிலும் போட்டு ஒரு வரைபடம் எடுத்தாள்.

இதுவரை அவள் செய்ததில் தப்பில்லை. அடுத்து அவள் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவளாலும் முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் படத்தை அவனிடம் காட்டினாள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் அவனிடம் காட்டுவது அவள் வழக்கம், அவ்வளவுதான்.

கிபாயத் அதை நெடுநேரம் பார்த்தான். "இந்த செவப்பு பூரா நானா?" என்று கேட்டான்.

இல்லை மச்சான், அது நீங்கள் இல்லை, மணி என்றாள். மணியும் இல்லை, அது போய்வருகிற நேரம் என்றாள். உங்கள் பக்கத்தில் நிற்கிற நேரம் இதோ, இந்தச் சின்னக் கோடு, பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினாள். அவன் அந்தச் சின்னக் கோட்டைப் பார்க்கவில்லை.

அவளிடம் ஒரு தீர்வும் இருந்தது. அவள் தொழிலில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. தட்டல்கள் மிதமிஞ்சினால் ஒவ்வொன்றுக்கும் ஓடக் கூடாது. சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கவனிக்க வேண்டும். அதேபோல, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவளே வந்து விசிறி, புரட்டல், குழாய், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுவாள். நடுவில் தாங்க முடியாதது ஏதாவது என்றால் மட்டும் அவன் அழுத்தலாம். கிபாயத் உடனே ஒத்துக்கொண்டான். "செம்ம ஐடியா. இத மொதல்லயே பண்ணிருக்கலாம்" என்றான். அவன் அவ்வளவு உற்சாகமாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் வாரத்தில் அவன் நாளைக்கு ஐந்தாறு முறை அழுத்தினான். அடுத்த வாரம் ஒன்றிரண்டு. அவளே வந்து நின்றாலும் இப்போது ஒன்றும் வேண்டாம், போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிடுவான், வரவர அவளும் வருவதைத் தள்ளிப்போட்டாள். நீலம் பரந்துகொண்டே வந்தது. இடையில் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது, ஆஸ்பத்திரியில் விட்டுப்போன ரமலான் நோன்புகளைக் களாவாகப் பிடிக்கப் போகிறேன், நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றான் கிபாயத்.

ஹஃபீசா வேண்டாம் என்றுதான் சொன்னாள். நோயாளிக்கு நோன்பு கடமை இல்லை, அதற்குப் பதில் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும், டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னதை மறந்துவிட்டீர்களா என்றாள். அவன் கேட்கவில்லை. கை கால்தான் போய்விட்டது, இதையாவது நான் என்னால் செய்கிறேனே, தடுக்காதே என்றான். அப்படிச் சொல்கிற மனுஷனிடம் யார் மல்லுக்கட்டுவது? விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம், ராத்திரி சாப்பிட்டதே போதும் என்றும் சொன்னான். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னதும் அவள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பாள். அரை கிளாஸ் குடித்துவிட்டுத் தலையை ஆட்டிவிடுவான். தலைமாட்டுப் பாட்டில் நிறைந்தபடியே தொங்கும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவன் நோன்பு என்று சொன்னபோது ஹஃபீசாவின் மனசில் ஒரு மூலை நிம்மதியடைந்தது. தண்ணீர் போகவில்லை என்றால் குழாய் போடும் வேலையும் குறையும். அவள் அப்படி வெளிப்படையாக நினைக்கவில்லை. ஆனால் குறைந்தபோது அவளுக்குத் தெரிந்தது, பிடித்திருந்தது. குழாயில் வந்த சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்ததையும் பார்த்தாள். மே மாத வெயில், நோன்பு வேறு, இருக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

சரசு ஒரு நாள் காலையில் அவனைத் துடைத்துக்கொண்டே, "இன்னாண்ணா, மூஞ்சி இப்டி சுருங்கி கீது?" என்று கேட்டாள். வெயில்ல வத்தல் போட்டிருக்காங்க என்றான் அவன். சரசு சிரித்தாள். உள்ளறையிலிருந்து ஹஃபீசாவும் சிரித்தாள்.

வேலை மளமளவென்று நகர்ந்தது. கம்பெனி, தொழிற்சாலை இயந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைக்கிற ஒரு பெட்டியைச் செய்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்குள் வரும் தட்டல்களைச் சேர்த்துவைத்துக் கவனிக்கும்படி ஹஃபீசா கெர்னலை மாற்றியமைத்து, மறுபடி அளந்தாள். வீண்நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அரிகிருஷ்ணன் போன் செய்து குதூகலித்தார். மேலிடத்தில் பேசியாகிவிட்டது, நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எழுத்தில் வாங்கிவிட்டேன் என்றார். ஹஃபீசா ஓடிப்போய்க் கிபாயத்திடம் சொன்னாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா, ஜெயிச்சிட்ட" என்றான். அவன் கன்னம் சுடுவது போலிருந்தது. விசிறியைக் கூட்டிவிட்டு அவள் மேசைக்குத் திரும்பினாள்.

அறிக்கையை அனுப்புவதற்கு முதல் நாள், மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது, அந்த எண் அவளை உறுத்தியது. பத்தில் ஒரு பங்கு என்பது நன்றாக இருந்தது, நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். தட்டல் குறைந்தால் சந்தோஷப்படாதே, அனுப்புகிற பக்கம் போய் எத்தனை அனுப்பினாய் என்று கேள் என்பாள். நெட்வொர்க் அட்டைக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. அதை இத்தனை நாளும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

அட்டைக்கு வந்து சேர்ந்ததில் பாதிக்கு மேல் கெர்னலுக்கு வந்து சேரவே இல்லை. சேர்த்துவைத்துக்கொள் என்று அவள் சொல்லியிருந்தாள். சேர்த்துவைக்க அட்டையில் இருந்த இடம் கொஞ்சம். அது நிறைந்ததும், மேற்கொண்டு வந்தவற்றை அட்டை யாருக்கும் சொல்லாமல் கீழே போட்டுவிட்டது. தட்டவில்லை, முனகவில்லை. அவள் அளந்த நிரல் யாரும் தட்டாத நிம்மதியில் வெகுதூரம் எண்ணிக்கொண்டு போயிருந்தது. அளவில் தப்பே இல்லை. குறைந்தது செலவு அல்ல, வேலை.

ஹஃபீசா நாற்காலியில் சாய்ந்தாள். வீடு அமைதியாக இருந்தது. விசிறிச் சத்தம் மட்டும். மேசை ஓரத்தில் அந்த இன்னொரு போர்டின் வரைபடம் திறந்திருந்தது. அன்று காலையிலிருந்து ஒரே நீலம். நேற்றும் நீலம். முந்தா நாளும். அதை ஒரு வாரமாக அவள் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தபோது, அந்த நீலத்தில் ஒரு மணிகூட இல்லை என்பது உறைத்தது. எழுந்து ஓடினாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு நிலைப்படிதான் இருந்தது, அதில் இடித்துக்கொண்டாள்.

கிபாயத்தின் பற்கள் கிட்டியிருந்தன. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள், அவ்வளவு சூடு. பட்டன் அவன் கட்டைவிரலுக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஏன் அழுத்தவில்லை, ஏன் மச்சான் அழுத்தவில்லை என்று அவனை உலுக்கினாள். உனக்கு நாளைக்கு அறிக்கை என்று அவன் முனகினான்.

தாம்பரத்தில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி, அது ரத்தத்துக்குப் போயிருக்கிறது, முதுகில் புண் வைக்கத் தொடங்கியிருக்கிறது, உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். நோன்பு வைத்திருந்தார் என்றாள் ஹஃபீசா. டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். நீங்கள் படித்தவர்தானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் படித்ததுதான் இங்கே கொண்டுவந்து விட்டது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

சலைன் ஏற்றினார்கள், மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் வேலைக்குத் திரும்பவில்லை. ஏற்றிய நீரெல்லாம் வெளியேற வழியின்றி நுரையீரலில் போய்த் தேங்கியது. டயாலிசிஸ் செய்யலாம் என்றால் ரத்த அழுத்தம் இடம் கொடுக்கவில்லை. இனி வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று ஏஞ்சல் என்ற நர்ஸ் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருக்கலாம் என்றார்கள். ஹஃபீசா இருந்தாள்.

மறுநாள் பகலில் அவனுக்கு நினைவு தெளிந்தது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அதைப் பார்த்ததும் அவள் அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்தது. அல்லாவுக்காக நோன்பு வைக்கிறேன் என்று சொல்லி உயிரை இப்படிப் பணயம் வைக்கலாமா, அந்த அல்லாவே வேண்டாம் என்று விட்டதை நீங்கள் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டு அழுதாள்.

கிபாயத் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நோன்பே இல்ல ஹஃபி. ஒருநாளும் நோன்பு புடிக்கிறேன்னு மனசுல நிய்யத் வெக்கல. அல்லாகிட்ட பொய் சொல்லல. உன்கிட்டதான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தால் குழாய் போட வேண்டும், குழாய் போட்டால் அவள் எழுந்து வர வேண்டும், எழுந்து வந்தால் அவள் வேலை கெடும். மேல்தொட்டியை அடைத்துவிட்டால் கீழே வாளி நிறையாது. மெக்கானிக் மூளை இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வாரமும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தண்ணீர்க் குழாயை வைத்துக்கொண்டு, மே மாதத்து வெக்கையில், தாகத்தோடு அவன் கிடந்திருக்கிறான். அவள் அடுத்த அறையில் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஹஃபீசா அவன் காதருகே குனிந்தாள். அந்தப் படம் தப்பு மச்சான் என்றாள். நான் தப்பாக அளந்துவிட்டேன், கம்பெனியில்கூட அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன், நேற்றுத்தான் கண்டுபிடித்தேன், நீங்கள் மணியடிப்பதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இருபது நிமிஷமெல்லாம் பொய், வீட்டுக்குப் போனதும் நீங்கள் நாள் பூராவும் அடிக்கலாம், நான் வருவேன் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அந்த இருபது நிமிஷம் பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாழ்நாளில் அளந்ததைப் பொய்யென்று சொன்னது அது ஒருமுறைதான்.

அவன் ஒரு குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். "சும்மா சொல்லாத. நீ அளந்தா தப்பா இருக்காது."

இத்தனை வருஷமாக வீட்டில் அவள் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அவன் நம்பியிருக்கிறான். அது தவறு என்று இன்று ஒரு பகலில் அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அரிகிருஷ்ணன் போன் செய்துகொண்டேயிருந்தார், அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். கட்டைவிரல் மட்டும் அவள் உள்ளங்கையில் மெல்ல அசைந்தது. என்ன வேண்டும் மச்சான் என்றாள்.

"தாகமா கீது. தண்ணி குடு."

அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டே பல நாள் ஆகியிருந்தது. ஹஃபீசா ஏஞ்சலிடம் ஓடினாள். ஒரே ஒரு மடக்கு, ஒரே ஒரு ஸ்பூன் என்று கெஞ்சினாள். ஏஞ்சல் அவள் தோளைத் தொட்டு, கூடாதும்மா, உள்ள போனா மூச்சு நின்னுடும் என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுவந்து உதட்டில் ஒற்றினாள். அவன் பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொண்டான். அதை அவன் வாயிலிருந்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமும் இரவும் அவன் கேட்டுக்கொண்டேயிருந்தான். பாட்டிலில் வைத்தாயே, அது எங்கே என்றான். ஒரு மடக்குத்தானே என்றான். முன்பு கூச்சப்பட்டு அடக்கிவைத்ததையெல்லாம் இப்போது கூச்சமில்லாமல் கேட்டான். ஒவ்வொரு முறையும் ஹஃபீசா எழுந்து குனிந்தாள், இதோ மச்சான் என்றாள், பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். ஒருமுறைகூடக் கொடுக்க முடியவில்லை. மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்பே அவன் கேட்பதும் நின்றது, மூச்சும் நின்றது.